வெள்ளையாகப் பூத்த செடி

ரோஜாவுக்கு மீன் கழுவிய தண்ணீரைப் போல வேறு எரு கிடையாது, தம்பி. கடலோரம் பாசிர் பெனம்பாங்கிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவரிடம் வாரத்துக்கு இரண்டு முறை வாங்குகிறேன். மீன் குழம்புக்கு, தண்ணீர் செடிக்கு. நீ உள்ளே நுழைந்ததும் முதலில் அந்தச் செடியைத்தான் பார்த்தாய். கவனித்தேன். உட்கார். காப்பி ஆறுகிறது.

உன் அக்கா கங்கா நாகப்பட்டினத்திலிருந்து எழுதிய கடைசிக் கடிதத்தில் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது என்கிறாய். டின்னுக்குள் அரிசி எப்படி வந்தது என்று நவமணி அக்காவைக் கேள். அவள் கண்ணை மூடிய பிறகு என்னிடம் கேட்க வந்திருக்கிறாய். அவசரகாலமும் முடிந்து வருஷமாகிறது. சொல்கிறேன்.

ஐம்பத்தொன்றில், காட்டிலிருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் உதவக்கூடாது என்று, இந்த மலாயா முழுக்க ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களையும் வீடுகளையும் முள்வேலிக்குள் கொண்டுவந்தார்கள். மேட்டில் தனியாக இருந்த கிராணி வீட்டைவிட்டு நானும், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியான என் கணவரும் இந்த வீட்டுக்கு வந்தோம். இதற்கு முன் இங்கே இருந்தவள் கங்கா. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிறவள் என்பதால் அவளை ஆஸ்பத்திரியை ஒட்டிய அறைக்கு மாற்றியிருந்தார்கள். ஆறு மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. சமையல்கட்டுக்குப் பின்னால், லாலாங் புல்லுக்கு நடுவே, ஒரு செடி. நீள நீளமாகக் கிளையும் முள்ளும். பூ இல்லை.

"இது என்ன ரோஜாங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? காட்டு முள்ளு லா. வெட்டி எறி" என்றார்.

நான் வெட்டவில்லை. புல்லைப் பிடுங்கினேன், மண்ணைக் கொத்திவிட்டேன், முட்டை ஓடு போட்டேன். என்ன செடி என்று தெரியாமலே நான்கு மாதம் வளர்த்தேன். ஒருநாள் காலையில் பூத்திருந்தது. சின்னச் சின்ன வெள்ளைப் பூ, கொத்துக் கொத்தாக, ஐந்தே இதழ்.

அதைப் பார்த்ததும் தண்ணீர் வாளியைக் கீழே வைத்தேன். அந்தப் பூவை எனக்குத் தெரியும்.

கல்யாணமான வருஷம் அவர் கேமரன் மலையிலிருந்து எனக்காக ஒரு சிவப்பு ரோஜா கொண்டுவந்தார். லோரியில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். மேட்டு வீட்டு வாசலில் வைத்தோம். ஐந்து வருஷம் சிவப்பாகப் பூத்தது. ஜப்பான்காரன் காலத்தில் கவனிப்பில்லாமல் வாடி, பிறகு அடியிலிருந்து தழைத்து, இதே சின்ன வெள்ளைப் பூவாகப் பூத்தது. மண்ணுக்கு ஏற்ப நிறம் மாறிவிட்டது என்று நினைத்தேன். அப்படியொரு ரோஜாவை வேறு எந்த வீட்டிலும் நான் பார்த்ததில்லை. அது எங்களுடையது.

எங்களுடைய செடியின் கிளை கங்கா வீட்டுக் கொல்லையில் எப்படி முளைத்தது? அதுவும், எனக்கென்ன தெரியும் என்று சொன்ன என் கணவர் கொடுக்காமல்?

அவசரப்பட்டு முடிவு கட்டுகிறவள் இல்லை நான். கங்காவையே கூப்பிட்டுக் காட்டினேன். வாரத்துக்கு நாலு நாள் என் அடுப்படியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவள்தானே.

"நான் வச்சது மஞ்சளுக்கா" என்றாள். "ரவாங் சந்தையில என் தம்பி வாங்கிக் குடுத்தான். மஞ்சக்கரு மாதிரி இருக்கும். இது என்ன மூக்குத்தி கணக்கா வெள்ளையா? மீன் தண்ணி ஊத்தி ஊத்தி வெளுக்க வச்சிட்டீங்களா லா?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். மஞ்சள் ரோஜாச் செடி வெள்ளையாகப் பூக்குமா? பொய் சொல்வதானால் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம். என் உப்பைத் தின்றவள் என் கண்ணுக்கு நேராகவே இப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவரும் பொய் சொல்வார். ஒரே விஷயத்துக்கு இரண்டு பேரிடம் ஏமாற வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த நாளில் ஒரு பிடி அரிசிகூட வேலிக்கு வெளியே போகக்கூடாது. காட்டில் இருக்கிறவர்களுக்குப் போய்விடும் என்று பயம். வாசலில் சைக்கிள் பம்பைக்கூடக் கழற்றிப் பார்ப்பார்கள். பங்கீட்டு அரிசியும் அளவுதான். நான் என் பங்கு அரிசியிலிருந்து தினம் கொஞ்சம் எடுத்து வைத்தேன். பத்து நாள் ஒருவேளை கஞ்சிதான் குடித்தேன். அவருடைய பங்கில் கை வைக்கவில்லை.

அதே சமயத்தில் போலீஸ்காரர்கள் வீடு வீடாக வெறும் காகிதம் கொடுத்தார்கள். காட்டுக்காரர்களுக்கு யார் உதவுகிறார்கள் என்று தெரிந்தால் எழுதலாம். பெயர் வேண்டாம். எழுதாவிட்டாலும் மடித்துப் பூட்டிய பெட்டியில் போட்டுவிட வேண்டும். நான் இடது கையால் எழுதினேன். ஆஸ்பத்திரி கங்கா வெளியே போகும்போது கையில் இருப்பதைப் பாருங்கள் என்று மட்டும். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் அவள் லீவில் உன் வீட்டுக்குக் கிளம்பினாள். அந்தச் செடியில் பதியன் போட்டு வேர்விட்ட கன்று ஒன்றைப் பிஸ்கட் டின்னில் வைத்துக் கொடுத்தேன். உன் செடிதானே, தம்பி வீட்டில் வை என்றேன்.

"என்னக்கா இவ்வளவு கனம்?"

"ஈர மண்ணு. அப்படித்தான் இருக்கும்."

"மஞ்சளா பூக்கலைன்னா உங்க வாசல்ல வந்து குந்திக்குவேன், பாத்துக்குங்க."

வேலி வாசலில் காவல்காரர் இரும்புக் கம்பியை மண்ணுக்குள் குத்தினார். கம்பி டின்னின் அடியைத் துளைத்து, அந்த ஓட்டையிலிருந்து அரிசி வழிந்தது. கங்கா முதலில் அதையும் ஏதோ வேடிக்கை என்று நினைத்தாள் போலிருக்கிறது. வழியனுப்பப் போயிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, சொல்லுங்கக்கா."

செடி நான் கொடுத்ததுதான், டின் அவள் கொண்டுவந்தது என்று சொன்னேன். கிராணி வீட்டு அம்மா சொன்னால் நம்புவார்கள். அவள் போட்ட சத்தத்தை யாரும் காதில் வாங்கவில்லை.

அன்றைக்கே என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். அந்தப் பெண் அப்படிப்பட்டவள் இல்லை என்று பேசிவிட்டு வந்தார். வேறு என்ன சாட்சி வேண்டும் எனக்கு? உள்ளே இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவது குறைந்தது. சாகும்வரை அப்படித்தான்.

கங்காவைத் தடுப்பு முகாமில் வைத்தார்கள். இங்கே பக்கத்தில் ஜெராமில் பிறந்தவளை, பார்த்தே இராத இந்தியாவுக்குக் கப்பலேற்றப் போவதாக மறுவருஷம் செய்தி வந்தது. அந்த மாதத்தில்தான் செல்லன் மண்டோர் வேலியைச் சரிபார்க்க வந்தார். நாற்றங்காலில் ஆட்களை வைத்து ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிற மேஸ்திரி. கிராணி வீட்டுப் பெண்கள் நாற்றங்கால் பக்கம் போவதில்லை. எனக்கு அந்த வேலை தெரியாது.

அவர் செடிக்குப் பக்கத்தில் குந்தினார். "கிராணியம்மா, ஒட்டுச் செடிய இப்படி விட்டுட்டீங்களே. இந்த வெள்ளைப் பூவெல்லாம் ஒட்டுக்குக் கீழ கிளம்பின அடிக்கட்டைப் பூவு. மலையிலேருந்து வர்ற ரோஜா எல்லாத்துக்கும் அடிக்கட்டை இந்தச் சாதிதான். கவனிக்காம விட்டா அத்தனையும் இதே பூதான் பூக்கும். இந்தா, மேல ஒட்டு ஒண்ணு இன்னும் உசிரோட இருக்கு பாருங்க." கத்தியால் கீழ்க்கிளைகளை அறுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஆறு வாரம் கழித்துப் பூத்தது. ஒரே ஒரு பூ. மஞ்சக்கரு மாதிரி.

கப்பல் புறப்பட இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஸ்டேஷன் இங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். நான் அந்தப் பூவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அரிவாள்மனையை எடுத்துவந்து, செல்லன் காட்டிய இடத்துக்குச் சரியாகக் கீழே, ஒட்டை வெட்டி அடுப்பில் போட்டேன்.

இவ்வளவுதான், தம்பி. அரிசியை வைத்தது நான். எழுதியது நான். தெரிந்த பிறகு சும்மா இருந்ததும் நான். எனக்கு நடந்த துரோகத்தை யாரும் கேட்டதில்லை, நீயும் கேட்கவில்லை. பரவாயில்லை.

நீ வாங்கிக் கொடுத்தது மஞ்சள் என்கிறாய். எழுந்து போய் நன்றாகப் பார். பத்து வருஷமாக என் கையால் தண்ணீர் ஊற்றி வளர்க்கிற செடி. இதுவரை வெள்ளையைத் தவிர வேறெதுவும் பூத்ததில்லை.