கம்ப்யூட்டர் திரையில் இருந்த வெள்ளைக் கோடு

பெயர்: சுண்ணாம்பு. எல்லோரும் கூப்பிடுவது அப்படித்தான். அடையாள அட்டையில் உள்ள பெயர் நீளம். கொடுத்தது ஒரே தாள் என்பதால் விட்டுவிட்டேன். வயது: எழுபத்தொன்று. தொழில்: வெள்ளையடிப்பது. முகவரி: பேக்கரிக்குப் பின்னால் உள்ள சந்து, பச்சைக் கதவு. பச்சை அடித்ததும் நான்தான்.

மேற்படி முகவரியில் மனைவியுடன் வசித்து வருகிறேன். வாக்குமூலத்தைக் காவல் நிலையத்தின் ரைட்டர் கம்ப்யூட்டரில் அடிப்பதுதான் வழக்கமாம். இந்த வழக்கில் சேதமான பொருளே அந்தக் கம்ப்யூட்டர் என்பதால் அவர் பேனாவைத் திறந்தார். நானே எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகியது இந்த வருடம்தான். என்னை யாரும் இவ்வளவு நீளமாக எதையும் எழுதச் சொன்னதில்லை. "நடந்ததை வரிசையா, அதன் பிறகு அதன் பிறகுன்னு போட்டு எழுதுங்க பெரியவரே" என்றார் ரைட்டர். அப்படியே எழுதுகிறேன்.

இன்று காலை ரைட்டர் அறைக்கு வெள்ளையடிக்க வந்தேன். ரைட்டரின் நாற்காலியில் ஆய்வாளர் ஐயா உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை செய்துகொண்டிருந்தார். அதன் பிறகு அவருக்கு போன் வந்து வெளியே போனார். அதன் பிறகு நான் ஏணியிலிருந்து இறங்கினேன். திரையில் ஒவ்வொரு எழுத்தும் என் உள்ளங்கை அளவு இருந்தது. எழுத்து கண்ணில் பட்டால் என்னால் சும்மா போக முடியாது. கடைப் பலகை, மருந்து டப்பா, பஸ்ஸின் பின்பக்கம் என்று எதையும் விடுவதில்லை. எழுத்துக்குக் கீழே விரலை ஓட்டித்தான் படிப்பேன். விரலில் பெயிண்ட் இருந்தது நினைவில்லை. கா, ண, வி என்று வந்துகொண்டிருந்தேன். அதன் பிறகு திரை இருண்டுவிட்டது. காணவில்லை என்று நானாக முடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு ரைட்டர் வந்து இருண்ட திரையையும், அதன் நடுவில் வெள்ளைக் கோட்டையும், என் விரலையும் பார்த்தார். அதன் பிறகு ஆய்வாளர் வந்தார். "சுவத்துக்கு அடிக்கச் சொன்னா கம்ப்யூட்டருக்கும் சேர்த்தா அடிப்பீங்க?" என்று கேட்டுவிட்டு, பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக வழக்குப் போட்டு உள்ளே வைக்கச் சொன்னார். அனுமதி பெற்று மனைவிக்கு போன் செய்தேன். "இத்தனை வருஷம் படிக்காம வெளியில இருந்தீங்க. இப்ப படிச்சிட்டுக் கம்பி எண்ணப் போறீங்களா? நல்லா எண்ணுங்க" என்றாள். அதன் பிறகு, மாற்றுச் சட்டை கொண்டுவரட்டுமா என்று கேட்டாள்.

அதன் பிறகு கம்ப்யூட்டர் சரிபார்க்கும் பெண் வந்து, முதல் வேலையாக ஈரத் துணியால் கோட்டைத் துடைத்தார். அது தடயம் என்று ரைட்டர் சொல்வதற்குள் போய்விட்டது. அதன் பிறகு சில பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினார். கறுப்புத் திரையில் பொடி எழுத்துகள் வந்தன.

"கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகல சார். இந்தக் கம்ப்யூட்டர்ல ஓடுறது லினக்ஸ். அதுல திரைய வரையுறதுக்குன்னே உள்ள ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கும். அது நின்னுபோச்சு. நிக்கறதுக்கு முன்னாடி நடந்ததையெல்லாம் எழுதி வெச்சிருக்கும். லாக்னு பேரு."

"அதுவும் வாக்குமூலம்தானா?" என்று கேட்டேன்.

"ஆமா தாத்தா. ஆனா அதை யாரும் மிரட்ட முடியாது."

அதன் பிறகு லாக் எல்லாம் கிடக்கும் பொது இடமான 'வார் லாக்' என்ற ஃபோல்டரில் தேடினார். அங்கே இருந்தது போன வருடத்து லாக். போன வருடம் எனக்கு எழுத்தே தெரியாது. "அப்ப சாட்சி இல்ல. பெரியவர்தான்னு எழுதுய்யா" என்றார் ஆய்வாளர்.

"இருங்க சார். இப்பல்லாம் பெரும்பாலும் அங்க எழுதறதில்ல. யார் உள்ள நுழைஞ்சு திரையத் திறந்தாங்களோ அவங்க சொந்த ஃபோல்டர்ல எழுதும். புள்ளி வெச்ச 'லோக்கல்', அதுக்குள்ள 'ஷேர்', அதுக்குள்ள 'எக்ஸ்ஆர்க்'. புள்ளியில தொடங்கறதால சும்மா பார்த்தா கண்ணுக்குத் தெரியாது."

அதன் பிறகு ரைட்டரின் ஃபோல்டரைப் பார்த்தார். இன்றைய தேதியில் எதுவும் இல்லை. அதன் பிறகு இன்னொருவருடைய ஃபோல்டரைத் திறந்தார். இருந்தது. எனக்கு ஆங்கில எழுத்து தெரியாது. சில வரிகளின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மூன்று பல் சீப்பு போன்ற எழுத்துகள் இரண்டு செங்குத்தாக நின்றன. சீப்பு நின்றால் அந்த வரியில் தப்பு நடந்திருக்கிறது என்று அந்தப் பெண் விளக்கினார். கடைசி வரிகளிலெல்லாம் சீப்புகளாகவே இருந்தன.

"காலையிலேர்ந்து திரையோட அளவ மாத்திக்கிட்டே இருந்திருக்காங்க. எழுத்து பெருசு, இன்னும் பெருசு, இன்னும் பெருசு. கடைசியில அது தாங்கல. இது யார் அக்கவுன்ட்?"

ரைட்டர் நான் அடித்த சுவரைப் பார்த்தார். சுவர் நன்றாக வந்திருந்தது.

"ரூம்ல வெளிச்சம் பத்தல" என்றார் ஆய்வாளர். அந்த அறையில் இரண்டு ஜன்னல்கள். இரண்டும் திறந்திருந்தன.

அதன் பிறகு, வழக்கு வேண்டாம், வாக்குமூலம் எழுதிக் கொடுத்தால் ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார், நான் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். "அந்த எழுத்து பெருசு, இன்னும் பெருசெல்லாம் வேணாம் பெரியவரே" என்றார் ஆய்வாளர். "எழுதிட்டேன் ஐயா. அடிச்சுத் திருத்தினா டீச்சர் திட்டுவாங்க" என்றேன். அவர் தாளை வாங்கிக் கை நீளத்துக்குப் பிடித்தார். அதன் பிறகு ஜன்னல் பக்கம் போய்ப் பிடித்தார். ஒரே தாள் என்பதால் நான் பொடியாக எழுதியிருந்தேன். அதன் பிறகு தாளை என்னிடமே நீட்டி, "கையெழுத்தா இது? நீங்களே படிங்க" என்றார். விரலைக் கழுவிவிட்டு வந்து, அதுவரை எழுதியிருந்ததைப் படித்தேன்.

மேலே உள்ளவை நான் கண்டவை, என் கையால் எழுதியவை, ஒரு சொல்லும் கூட்டவில்லை. வாக்குமூலம் கொடுத்தவருக்கு அதிகாரி படித்துக் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டுமாம். இங்கே வாக்குமூலம் கொடுத்த நான் படித்துக் காட்ட, அதிகாரி கேட்டு, சீப்பு வந்த இடத்தில் மட்டும் இருமி, சரி என்று ஒப்புக்கொண்டார். அதன் பிறகு, நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டார்.

இப்படிக்கு,
சுண்ணாம்பு
(கைநாட்டு அல்ல)