எட்டு நிமிடக் குளிர்

எங்கள் குடியிருப்பின் லிஃப்டுக்குள் ஒரு சின்னத் திரை உண்டு. எந்த வீடு நேற்று எவ்வளவு மின்சாரம் எடுத்தது என்று காட்டும். குறைவென்றால் பச்சை, அதிகமென்றால் சிவப்பு. நாங்கள் மூன்று மாதம் சிவப்பிலேயே இருந்தோம்.

"என்ன சார், வீட்டுல ஐஸ் ஃபேக்டரியா நடத்துறீங்க?" என்பார் மேல்வீட்டு வக்கீல். லிஃப்டே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

காரணம் என் மாமனார். முப்பது வருடம் வயர்மேனாக இருந்தவர். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. அவர் படுத்திருந்தது மேற்கு வெயில் அறையும் அறை. பகலெல்லாம் ஏசி ஓடும். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் நைட் ஷிஃப்ட் வேலையை விட்டேன். துடைப்பது, புரட்டுவது, ஊட்டுவது. இரண்டு வருடம். குழாயைத் திறந்துவிட்டு அழலாம் என்றால் அதற்குள் "மாப்ளே" என்று குரல் வந்துவிடும்.

ஏதாவது ஹோமில் சேர்க்கலாமா என்று மனைவியிடம் ஒருமுறை கேட்டேன்.

"எங்கப்பாவ அநாதையா விடச் சொல்றீங்களா?"

அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அந்த ஏசியை நடத்துவது அவர் தலைமாட்டில் ஒட்டியிருந்த ஒரு வில்லை. சட்டைப் பொத்தான் அளவுதான். தன்னைச் சுற்றிச் சூடு ஏறினால் அதுவே ஏசியைப் போடும். அது காட்டும் சூட்டின் அளவை மனைவி அலுவலகத்திலிருந்தே போனில் பார்ப்பாள். ஒரு நாள் துடைக்கும்போது வில்லை கழன்று கையில் வந்தது. ஹாலில், என் ஏசிக்குக் கீழே மேசைமேல் வைத்தேன். மறந்துபோய்த்தான் வைத்தேன். மறுநாள் லிஃப்டில் எங்கள் வீடு பச்சை. வக்கீல் கைகொடுத்தார்.

பிறகு நான் மறக்கவில்லை.

மாமனார் மகளிடம் முறையிட்டார். போனைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

"வேகுதும்மா."

"அப்பா, ரூம் இருபத்திநாலுலதான் இருக்கு. எனக்கு இங்க தெரியுது."

"செவுத்தத் தொட்டுப் பாக்கச் சொல்லும்மா மாப்ளைய."

"அவரப் படுத்தாதீங்கப்பா. பாவம், அவரே நொந்துபோய் இருக்காரு."

நான் அவளிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் சார். சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை வெளியே நாற்பத்திரண்டு டிகிரி. ஜன்னலைச் சாத்தியிருந்தேன்; மின்சாரம் மிச்சம் பிடிக்க எல்லா வீட்டிலும் சாத்துகிறார்கள். பதினொரு மணிக்கு அவர் கூப்பிட்டார். குரல் காய்ந்திருந்தது.

"மாப்ளே, அந்தப் பொத்தான மட்டும் திருப்பிக் கொண்டாந்து வெச்சுடுங்க. பாப்பாகிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

வயர்மேன் அல்லவா. அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கும்.

கொண்டுபோய் வைத்தேன். ஏசி ஓடியது. அவர் கண்ணை மூடினார். முகம் தளர்ந்து, மூச்சு சீராக வந்தது. இப்படியே இன்னும் பத்து வருடம் இருப்பார் என்று எனக்குப் பட்டது. வில்லையை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தேன். மூன்று மணி வரை கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு கூப்பிடவில்லை.

அன்று அவர் அறையில் ஏசி ஓடியது எட்டே நிமிடம் என்று உங்கள் கையிலுள்ள தாள் சொல்கிறது. சரிதான். ஆனால் அந்த எட்டு நிமிடத்தையும் கொடுத்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.