ஓரமா நிக்கிற நூறு பேரு

இந்தச் சில்லிக் கறிக்குழம்புக்கு அந்த ரொட்டியத் தொட்டுக்குங்க கோச். தனியாச் சாப்பிடக் கூடாது. ஆமா, இலவங்கப்பட்டை ரொட்டிதான், மேல சர்க்கரைதான். எந்த ஊரு நீங்க? டெக்சாஸா. அதான் முழிக்கிறீங்க. இங்க அயோவாவுல பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பூரா இப்படித்தான் சாப்பிடுது. பள்ளிக்கூடச் சமையல்ல இருபது வருஷமா நான்தான் போடுறேன். இதுவரைக்கும் ஒருத்தரும் செத்ததில்ல.

சரி, விட்ட இடத்துக்கு வாங்க. உங்க காலேஜ் ஃபுட்பால் டீமுக்கு எங்க பையன் கோல்பி வேணும். அதத்தானே சொன்னீங்க? வந்ததுலேர்ந்து நாலஞ்சு வாட்டி சொல்லிட்டீங்க. வேணும்ங்கிறது நல்ல வார்த்தைதான். எதுக்கு வேணும்னு மட்டும் நான் தெரிஞ்சுக்கிறேனே.

இல்ல, அவன் வர்றதுக்கு நேரமிருக்கு. பக்கத்துப் பண்ணையில பன்னிக்குத் தீனி வைக்கப் போயிருக்கான். நான்தான் அனுப்பினேன். நீங்க வர்ற நேரம் பாத்துத்தான் அனுப்பினேன். அவன் முன்னாடி வச்சு இதெல்லாம் கேட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான். அவங்கப்பா லைல் லாரியில போயிருக்காரு, வெள்ளிக்கிழமைதான் வருவாரு. உன் இஷ்டம் டோனான்னு எங்கிட்டயே விட்டுட்டாரு. நீங்க கொண்டு வந்திருக்கிற இந்தப் படிப்புக் கடன் தாள்ல என் கையெழுத்து இல்லாம கோல்பி உங்க காலேஜுக்கு வர முடியாது. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இல்லன்னா ஞாயித்துக்கிழமையும் அதுவுமா ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்து, எங்க வீட்டு நாற்காலி நல்லாருக்குன்னு சொல்லுவீங்களா? அது ஆடுற நாற்காலி கோச். பாத்து உக்காருங்க.

வேகமா? யாரு, கோல்பியா? இங்க பாருங்க, பெத்தவ நான் சொல்றேன். எங்க தபால்காரரு அவன விட வேகமா ஓடுவாரு. அவருக்கு முட்டி வேற மாத்தி வச்சிருக்கு. அவன் ஆடுன வீடியோ பாத்தீங்களா? முழுசாவா? அனுப்பினது பத்து நிமிஷம், அதுல அஞ்சாவது நிமிஷம் என்ன நடக்குதுன்னு கேட்டா சொல்லுவீங்களா? சரி சரி, கேக்கல. தண்ணி குடிங்க.

கோவிச்சுக்காதீங்க. ஏமாறக் கூடாதுன்னு பாக்குறேன். எங்க தெரு முனையில ஹெய்டின்னு ஒருத்தி இருக்கா. அவ பையன் ப்ரெண்ட் போன வருஷம் உங்ககிட்டத்தானே சேந்தான். ஞாபகம் இருக்கா? இல்லியா. பரவால்ல, கூட்டத்துல எப்படி இருக்கும். அவன் போட்டிருக்கிற அதே அறுவத்தேழாம் நம்பர் சட்டையோட இன்னொரு பையன் பக்கத்துலயே நிக்கிறானாம். நம்பர் தீந்து போச்சாம். ஃபுட்பால் டீமுக்கு நம்பர் தீந்து போறத நான் இப்பத்தான் கேள்விப்படுறேன். பெட்டி வைக்க அலமாரியும் இல்லையாம், மூணு பேருக்கு ஒண்ணாம். அப்ப மொத்தம் எத்தன பேரு கோச்?

நூத்தி நாப்பதா. நான் நூத்தி முப்பதுன்னுல்ல நெனச்சேன்.

ஒரே நேரத்துல உள்ள ஆடுறது பதினோரு பேருதானே? அது இன்னும் மாறலையே? மாத்தி மாத்தி இறக்குனாலும் நாப்பது பேரு, அம்பது பேரு. வெளியூர் ஆட்டத்துக்குப் பஸ்ல எத்தன பேரக் கூட்டிட்டுப் போவீங்க? அறுவது. அப்ப மிச்சம் எம்பது பேரும் சனிக்கிழம ஹாஸ்டல்ல தூங்குறான். நான் தப்பாச் சொல்லல இல்ல?

என்னைய முட்டாள்னு நெனச்சுக்காதீங்க, நான் விலையும் பாத்தேன். வருஷத்துக்கு நாப்பத்திரண்டாயிரம் டாலர்னு போட்டிருக்கீங்க. அதுல திறமைக்கு உதவித்தொகைன்னு இருவதாயிரத்தக் கழிக்கிறீங்க. கோல்பி அந்தக் கடிதாசிய ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்கான், இருவதாயிரம் டாலர் எனக்குக் குடுத்துட்டாங்கம்மான்னு. யாரு கோச் குடுத்தா? எங்க ஊரு மெத்தைக் கடையில வருஷம் பூரா பாதி விலைன்னு பலகை தொங்குது. முழு விலைக்கு அந்தாளு ஒரு மெத்தை வித்ததா சரித்திரமே இல்ல. மிச்சம் இருவத்திரண்டாயிரம் நாங்க கட்டுறோம். அத நூத்தி நாப்பதால பெருக்கிப் பாத்தா முப்பது லட்சத்துக்கு மேல வருது. உங்களுக்குச் செலவு ஒரு ஹெல்மெட்டும், ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் போட்ட சட்டையும். ஃபுட்பாலுக்குச் செலவு பண்ற காலேஜுன்னு வெளிய பேரு, ஃபுட்பால் போடுற சோத்துல காலேஜ் நடக்குதுன்னு உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியும். பாடம் சொல்லிக் குடுக்க ஆளில்லன்னு ரெண்டு வகுப்ப மூடிட்டு, பந்த உருட்டிக் கட்டையச் சாய்க்கிற பௌலிங் டீம் ஒண்ணு ஆரம்பிச்சிருக்கீங்களாமே. அடுத்தது என்ன, கோலிக்குண்டா?

சிரிக்கிறீங்க. நல்லது. சிரிச்சா சின்னப் பிள்ளையாத்தான் இருக்கீங்க. என்ன வயசு? இருவத்தாறா. அப்ப தம்பின்னே கூப்பிடுறேன், எனக்கு கோச்னு வரல. உங்களுக்கும் தலைக்கணக்கு ஒண்ணு இருக்குமே? இத்தன பேரப் புதுசாப் பிடிச்சாத்தான் அடுத்த வருஷம் வேலைன்னு. அம்பது தலையா? சொல்ல வேண்டாம், காது செவந்ததே போதும். அந்த மாதிரிக் கணக்க நான் பன்னிப் பண்ணையில பாத்திருக்கேன்.

உங்க மைதானத்தப் பாத்ததுண்டான்னா? பாத்தேனே. நவம்பர்ல வந்தேன். கோல்பிக்கே தெரியாது. பச்சை விரிப்பு புதுசு, ஜோரா இருந்துச்சு. நான் ஆட்டத்தப் பாக்கல தம்பி. ஓரமா நிக்கிறாங்களே, அந்த வரிசையத்தான் பாத்துட்டிருந்தேன். இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் நிக்கிறாங்க, தேவாலயத்துல அப்பத்துக்கு நிக்கிற மாதிரி. வெள்ளைப் பேண்ட்டு, ஒரு அழுக்கு இல்ல. ஒருத்தன் சூரியகாந்தி விதை கொறிச்சுட்டு நிக்கிறான். என் பக்கத்துல கம்பளியப் போத்திட்டு ஒரு பெரியவரு உக்காந்திருந்தாரு. உங்க பையன் யாருன்னேன். அந்தா, விதை கொறிக்கிறவன்னாரு. மூணாவது வருஷமாம். உள்ள இறக்கினதுண்டான்னேன். ஒரே ஒரு தடவை, அம்பது புள்ளி வித்தியாசத்துல ஜெயிச்சப்போ கடைசி ரெண்டு நிமிஷம்னாரு. ஆனா பையன் சந்தோஷமா இருக்கான், டீம் கோட்டக் கழட்டறதே இல்ல, ஒழுங்காப் படிக்கிறான், மார்க்கும் வருதுன்னாரு.

அம்பது புள்ளியில ஜெயிக்கிற ஆட்டம் வருஷத்துக்கு எத்தன வரும்? ஒண்ணுகூட நிச்சயம் கெடையாதா. வந்தா, ஓரமா நிக்கிற எல்லாரையும் இறக்கிடுவீங்களா? யாருன்னு முடிவு பண்றது நீங்களா, உங்க மேல உள்ளவரா? நீங்கதானா. ம்.

பயிற்சியில? அங்க எல்லாரும் ஆட்டத்துல மாதிரியே ஒருத்தர ஒருத்தர் முட்டி மோதணும் இல்ல? ஓ, முதல் ரெண்டு வரிசைதானா. பின்னாடி நிக்கிறவனுக்கு முட்டுற முறையே வராதா? வாரம் பூரா? எடைதான் தூக்குவானா, சும்மா ஓடுவானா. அடப்பாவமே. மோசந்தான். ரொம்ப மோசம்.

இல்ல தம்பி, அப்படிச் சொல்லாதீங்க. தனியாக் கவனிச்சுக்கிறேன், ரெண்டாவது வருஷமே உள்ள இறக்குறேன்னு நீங்க ஒண்ணும் எனக்கு வாக்குக் குடுக்க வேண்டாம். வேணாம்னு சொல்றேன்ல. கைய நெஞ்சுலேர்ந்து எடுங்க. பக்கத்து மாநிலம் இலினாய்லேர்ந்து வந்த காலேஜ்காரரும் இப்படித்தான் நெஞ்சுல கைய வச்சாரு. அது தெரியாதா உங்களுக்கு? அவங்களும்தான் கூப்பிடுறாங்க. வாரா வாரம் போன். கோல்பிப் பயலுக்குப் போன வருஷம் வரைக்கும் பல் டாக்டர் ஆஸ்பத்திரியத் தவிர ஒருத்தரும் போன் பண்ணதில்ல. இப்போ ரெண்டு காலேஜ். கால் தரையில பாவல. அவங்க உங்களவிட ஆறாயிரம் கொறச்சுத்தான் கேக்குறாங்க. நல்ல மனுஷரு, பொய்யே வரல வாயில. அவரு டீம்ல மொத்தம் அம்பத்தெட்டு பேரு. நான் கேட்டேன். சேந்த அன்னைக்கே ஆடலாம், எங்களுக்கு ஆள் பத்தலைன்னாரு.

அவரு போனதும், குடுத்துட்டுப் போன சேர்க்கைத் தாள நான் கிழிச்சுப் போட்டுட்டேன். கோல்பிக்கிட்ட அவங்க இன்னும் அனுப்பலன்னு சொல்லியிருக்கேன்.

ஏன்னா... இன்னொரு ரொட்டி எடுத்துக்குங்க, ஆறிடும். போன அக்டோபர்ல வெள்ளிக்கிழமை கோல்பிக்குப் பள்ளிக்கூட ஆட்டம். ஒருத்தன் வந்து மோதுனான், இவன் விழுந்தான், எந்திரிச்சான். எந்திரிச்சு நேரா எதிர் டீம்காரங்க பெஞ்சுல போய் உக்காந்துட்டான். கூட்டமே சிரிச்சுச்சு, நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட்டுக்குச் சோறு வச்சியாம்மான்னு கேட்டான். பிஸ்கட் எங்க நாயி. செத்து அஞ்சு வருஷமாச்சு. இவன்தான் கொல்லையில குழி தோண்டினான்.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியும் தலையில இப்படி ஒரு அடி பட்டிருக்கு. இந்தத் தடவ டெ மாய்ன் நகரத்துல பெரிய டாக்டர்கிட்டக் காட்டினோம். இனி தலையில ஒரு அடி விழக் கூடாதும்மான்னுட்டாரு. அவ்ளோதான் சொன்னாரு. விழுந்தா என்னன்னு நான் கேக்கல. இவன் பள்ளிக்கூடத்துல தோள்பட்டை சுளுக்குன்னு சொல்லிட்டு மிச்ச ஆட்டத்த பெஞ்சுல ஓட்டினான். பதினெட்டு வயசாச்சு, டாக்டர் தாளு அவன் பேருல, அவன் கையில, யாருக்கும் காட்ட மாட்டேங்கிறான். வேணாண்டான்னு நானும் சொன்னேன், லைலும் சொன்னாரு. மூணு வாரம் எங்ககூடப் பேசல. ஃபுட்பால் இல்லன்னா காலேஜே வேணாம், கறி வெட்டுற ஃபாக்டரிக்குப் போறேங்கிறான். போவான். அவங்க தாத்தன் பிடிவாதம்.

எந்திரிக்காதீங்க தம்பி. உக்காருங்க. உங்க டீம் டாக்டர்கிட்டச் சொல்லியே ஆகணுமா? சொல்லுங்க. அன்னைக்கே அவன் பேர எடுத்துருவாங்க. மறுநாள் காலையில அவன் இலினாய்ல நிப்பான். இந்த வீடியோவ வச்சுக்கிட்டு, தோள்பட்டை சுளுக்குன்னு சொல்லிக்கிட்டு. அம்பத்தெட்டு பேருல அம்பத்தொம்பதாவதா. அங்க ஓரமா நிக்க இடமே கெடையாது.

உங்ககிட்ட எத்தன பேரு இருக்காங்கன்னு இத்தன நேரம் நான் சண்டைக்கா கேட்டேன்? நிச்சயம் பண்ணிக்கிட்டேன். அவன எல்லாருக்கும் பின்னாடி நிறுத்துங்க. சட்டை குடுங்க, கோட்டு குடுங்க, எடை தூக்க வைங்க, நல்லா வருவடான்னு முதுகுல தட்டுங்க. நாலு வருஷத்துல படிச்சு முடிச்சுருவான், அதுக்குள்ள புத்தியும் வந்துரும். இருவத்திரண்டாயிரம் என்ன, நான் ராத்திரி வேலையும் சேத்துப் பாத்துக் கட்டுறேன். ஆனா உள்ள மட்டும் இறக்கிடாதீங்க. அம்பது புள்ளியில ஜெயிச்சாலும் சரி, கடைசி ரெண்டு நிமிஷம்னாலும் சரி.

என்ன தம்பி, பேனாவ உருட்டுறீங்க? இறக்குறேன்னு இவ்ளோ நேரம் எத்தன சத்தியம் பண்ணீங்க, கேக்காமலே. இறக்க மாட்டேன்னு ஒண்ணு கேட்டா இத்தன யோசனையா?

அந்தா, வண்டிச் சத்தம். அவன்தான் வர்றான். சீக்கிரம் சொல்லுங்க, எந்த இடத்துல நான் கையெழுத்துப் போடணும்?