கரடித் தலை யார் வீட்டுக்கு

இல்லண்ணே, மொதல்ல உக்காருங்க. பூ வைக்க நாள் குறிச்ச வீட்டுல வாசல்ல நின்னுக்கிட்டுப் பேசுனா அக்கம்பக்கத்துல என்ன நெனப்பாக? திருநகர்ல ஒரு சன்னல் மூடியிருக்காது. சுபலட்சுமி, ராஜபாண்டியண்ணே வந்துருக்காக, காப்பி கொண்டா. சீனி போடாத, அவுகளுக்குச் சுகரு.

என்னது? நேத்து வரைக்கும் சம்பந்தின்னு கூப்புட்டவன் இன்னைக்கு என்ன அண்ணேங்கிறான்னு கேக்குறீகளா? வயசுல மூத்தவுக, ஒரு மரியாதைக்குத்தான். விடுங்க. அந்தப் போனக் குடுங்க, போட்டோவப் பாப்போம்.

ஆமா, எம்மகன் சித்தார்த்துதான். ஆமா, கரடியேதான். பொம்மையில்ல. தமிழ்வாணி பாத்துட்டு அழுதுச்சா? அழுகும்ல. கட்டிக்கப் போறவன் துப்பாக்கியும் கையுமா, செத்த கரடி பக்கத்துல குத்தவச்சுப் பல்லக் காட்டுனா எந்தப் புள்ளைக்கும் பகீர்னுதான இருக்கும். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கங்க. இது கள்ள வேட்டையில்ல. அம்புட்டும் ரூல்ஸு.

அமெரிக்காவுல நெனச்சவன் நெனச்சதச் சுட்டுற முடியாதுண்ணே. மொதல்ல கிளாஸுக்குப் போகணும். வேட்டைக்குக் கிளாஸு! பரீச்ச வேற உண்டு. காலேஜுல அரியர் மேல அரியர் வச்ச பய, இதுல மொத தடவையே பாஸு. பொறகு லைசென்ஸு. அதுக்கு மேல கரடிக்குன்னு தனியா ஒரு டோக்கன். ஒரு டோக்கனுக்கு ஒரு கரடிதான். சுட்ட கையோட அந்த டோக்கனக் கரடி ஒடம்புல கட்டிரணும். நம்ம ரேஷன் கடையில இம்புட்டு ஒழுங்கு பாத்திருக்கீகளா?

குட்டியச் சுடக் கூடாது. குட்டியோட திரியிற தாயத் தொடவே கூடாது. பொழுது எறங்கிருச்சா, துப்பாக்கிய உறையில போட்டுரணும். ரோட்டுல நின்னுக்கிட்டுச் சுட்டா கேஸு, காருக்குள்ள உக்காந்துக்கிட்டுச் சுட்டா கேஸு. அடுத்தவன் எடத்துக்குள்ள போகணும்னா அவங்கிட்டக் கேட்டுட்டுத்தான் கால வைக்கணும். அந்த ஆரஞ்சுச் சட்ட எதுக்குன்னு நெனைக்கிறீக? கரடிக்குக் காட்டவா? இன்னொருத்தன் இவனக் கரடின்னு நெனச்சுச் சுட்டுறக் கூடாதுல்ல. நம்ம பய வச்சிருக்கிற தாடிக்கு அந்தச் சட்ட ரொம்ப அவசியம்ணே.

சிரிங்க, சிரிங்க. வந்ததுல இருந்து இப்பத்தான் மொகத்துல ஒரு தெளிச்சி வந்திருக்கு.

சுட்டதுக்குப் பொறகும் விட மாட்டாய்ங்க. ஆபீசுக்குத் தகவல் குடுக்கணும். கரடியோட பல்லு ஒண்ணப் புடுங்கிக் குடுக்கணும். வயசு பாக்கவாம். மாட்டுச் சந்தையில நம்மாளுக பல்லப் பாத்துத்தான வாங்குவாய்ங்க, அதே சோலிதான். என்ன, செத்த பொறகு பாக்குறாய்ங்க. கறிய வீணாப் போட்டுட்டுப் போனாலும் குத்தம்.

அப்ப தின்னானான்னு கேக்குறீக. தின்னுதான ஆகணும், சட்டம் அப்பிடி. புரட்டாசியா? அண்ணே, அங்க அது வெறும் அக்டோபர் மாசம். புரட்டாசியெல்லாம் கெடையாது. இவ அனுப்புன மசாலாப் பொடியப் போட்டு வறுத்தானாம், அந்த வீட்டுல அம்புட்டுப் பேரும் தட்ட வழிச்சுட்டாகளாம். எந்த வீடா? அதான்... பழக்கமான வீடு. பக்கத்துல.

காப்பியக் குடிங்க, ஆறுது.

இதக் கேளுங்க. கீழக்குயில்குடியில எந்தம்பி காளை இருக்கான்ல, போன மாசியில சாமியக் கும்பிட்டுட்டு வேட்டைக்குப் போயி ஒரே ஒரு முயல அடிச்சான். எம்புட்டு இருக்கும் முயலு? ஒரு வீட்டுக் கொழம்புக்குக் காணாது. பாரஸ்ட்டுக்காரக ஜீப்புல ஏத்திட்டாக. தப்புத்தான், சட்டம் சட்டந்தான், நான் இல்லங்கல. பேப்பர்ல படம் வேற. மேசையில முயலு, பின்னாடி தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு எந்தம்பி. இந்தப் படத்துல பாருங்க, அம்மாம் பெரிய கரடியச் சாச்சுப்புட்டு நம்ம பய கல்யாண மாப்ள மாதிரி சிரிக்கிறான். காளை என்ன கேட்டான் தெரியுமா? அண்ணே, நானும் ஆரஞ்சுச் சட்ட போட்டுட்டுப் போயிருந்தா விட்டுருப்பாய்ங்களோங்கிறான்.

ஆனா மொற நம்மகிட்டயும் இருந்துச்சுண்ணே. எங்க வகையறாவுல, படுத்துக் கெடக்குற முயல அடிக்க மாட்டோம். எழுப்பி ஓட விட்டுத்தான் அடிக்கணும். செனையா இருந்தாத் தொடக் கூடாது. கூட வந்த நாய்க்கும் ஒரு பங்கு வைக்கணும். எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. ஒருத்தன் மொத மொத அடிச்ச உருப்படியோட தல அவனுக்குப் பொண்ணு குடுத்த வீட்டுக்குப் போயிரணும். கல்யாணம் ஆகாத பயன்னா தாய்மாமன் வீட்டுக்கு. அதுல மட்டும் பேச்சே கெடையாது. கரடியச் சுட்ட அன்னைக்கே பய போனப் போட்டுக் கேட்டான்: அப்பா, தல யாருக்குப்பா போகணும்னு. நானும் பெருமையா, மொற என்னவோ அதச் செய்யிடான்னு சொல்லிட்டேன்.

அப்ப தல பசுமலைக்கு, எங்க வீட்டுக்குல்ல வரணுங்கிறீகளா... ஹி ஹி. நல்லாத்தான் கேக்குறீக.

யாரு, இந்தச் செவப்புத் தொப்பிக்காரரா? அவரு அந்த ஊரு ஆளு. புதுசா வேட்டைக்குப் போறவன் வெவரம் தெரிஞ்ச ஆளு கூடப் போறதுதான நல்லது. தோள்ல கை போட்டுருக்காரா? அங்கிட்டெல்லாம் அப்பிடித்தாண்ணே, பாசத்த வெளிய காட்டுவாக. 

எங்கூட்டுக்காரி என்ன கேட்டுருக்கா தெரியுமா? கரடி முடி கொஞ்சம் அனுப்புடான்னு சொல்லியிருக்கா. தாயத்துக்கு. புள்ளைக தூக்கத்துல வீரிட்டு அழுகாம இருக்கும்ல. எந்தப் புள்ளைக்கா? பொதுவாச் சொல்றேன். வீட்டுல இருந்தா ஆகும்ல.

உள்ள என்ன சத்தமா? அவதான். மூக்க உறிஞ்சுறா. ரெண்டு நாளாச் சளி.

சரிண்ணே. எம்புட்டு நேரந்தான் நானும் கரடியப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கிறது? நீங்களும் நல்லாத்தான் விசாரிச்சீக. சம்பளம் கேட்டீக, சாதகம் கேட்டீக, குலசாமி கேட்டீக, குடிப்பானான்னு அவன் கூடப் படிச்ச பயலத் தேடிப் புடிச்சுக் கேட்டீக. கரடியச் சுடுறதுக்குக் கூட அவய்ங்க இம்புட்டுக் கேள்வி கேக்கல. ஆனா கேக்க வேண்டிய ஒண்ண நீங்களும் கேக்கல, பெத்தவன் நானும் கேக்கல.

எந்திரிக்காதீங்க. கையப் புடிக்கிறேன், உக்காருங்க.

நேத்து சாயங்காலம் வரைக்கும் நானும் ஒங்கள மாதிரி கரடிய மட்டுந்தாண்ணே பாத்தேன். சுபலட்சுமிதான் போட்டோவப் பெருசாக்கிப் பாத்துட்டு, ஏங்க, யாருங்க இந்தாளு, நம்ம பிள்ள மேல இம்புட்டு உரிமையாக் கை போட்டுருக்காருன்னு கேட்டா. ஒடனே போனப் போட்டேன். கரடி விடுவான்னு பாத்தேன், விடல. நெசத்தச் சொல்லிட்டான். சித்திரையிலயே அந்தாளு மகளும் இவனும் அங்க ரிஜிஸ்தர் ஆபீசுல கையெழுத்துப் போட்டு முடிச்சுட்டாய்ங்களாம். அதுக்கும் லைசென்ஸு உண்டாமே. வர்ற தையில தாயத்து தேவப்படும்னு வேற சொல்லுறான். நீங்க பொண்ணு குடுக்குறேன்னு தட்டோட இந்த வீட்டுப் படியேறுன அன்னைக்கு அவன் ஏற்கெனவே ஒருத்திக்குப் புருசண்ணே. வாயத் தொறக்கல. எனக்குப் பயந்தானாம். கரடிக்குப் பயப்படாத பய.

தமிழ்வாணிகிட்ட நானே வந்து சொல்றேன். அந்தப் புள்ள செருப்பக் கழட்டுனாலும் வாங்கிக்கிறேன். அந்தக் கரடிக்காக அது அழுதுச்சே, அதத்தான் என்னால தாங்க முடியல.

தலையா? தல ஒங்க வீட்டுக்கு வராதுண்ணே. அந்தச் செவப்புத் தொப்பிக்காரரு வீட்டுச் சொவத்துல மாட்டியாச்சு. நான் சொல்லிக் குடுத்த மொறைய அப்பிடியே செஞ்சுட்டான் பய.