சும்மா கொடுத்த எண்ணெய்

பள்ளிக்கூடம் போகாமலே மூன்று படகுக்கு முதலாளியானவன் நான். பேச்சைக் கேட்டே ஆளை எடைபோட்டுவிடுவேன். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகிற பஸ்ஸில், ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கிற இரண்டு பெண்கள் முன் சீட்டில் பேசிக்கொண்டு வந்தார்கள். இளையவள் மடியில் கைக்குழந்தை.

“டிரான்ஸ்பார்மர் எண்ணெய் தேச்சா முட்டிவலி பறந்துடுது அண்ணி.”

“யாரு குடுத்தா?”

“பழைய இரும்புக் கடைக்காரரு. பழைய டிரான்ஸ்பார்மரை ஒடைக்கசொல்ல கேன்ல புடிச்சி சும்மாவே குடுத்தாரு.”

“எறா வாங்கினாலே கொசுறு கேக்கறவன், சும்மா குடுத்தானா? ஊத்தசொல்ல கைல இன்னா போட்டிருந்தான்?”

“முழங்கை வரைக்கும் ரப்பர் உறை.”

“அவன் கைக்கு உறை, உன் காலுக்கு எண்ணெயா? அந்தப் பழைய எண்ணெயில பிசிபின்னு ஒரு விஷம் இருக்குமாம். ஒடம்புல ஏறினா லேசுல எறங்காதாம், தாய்ப்பால்லயும் வருமாம். நர்சம்மா சொல்லிச்சி. எத்தினி நாளா தேய்க்கிற?”

“புள்ள பொறந்ததிலேர்ந்து.”

குழந்தை பசியில் சிணுங்கியது. முந்தானையை இழுத்தவள் அப்படியே கையை நிறுத்திவிட்டாள்.

“பால் குடுக்கலாமா அண்ணி?”

“பொன்னேரி ஆஸ்பத்திரில கேட்டுக்கலாம்.”

பொன்னேரிக்கு இன்னும் பாதி வழி இருந்தது. குழந்தை அழுதுகொண்டே வந்தது.