அட்டைப்பெட்டி சொன்ன எடை

லோரெட்டா: ...கதையெல்லாம் வேணாம் வெண்டெல். ரம்பச் சங்கிலி ஓடுற அந்தத் தகட்டைக் கழட்டித் தராசுல வை.

வெண்டெல்: தராசு எதுக்கு லோரெட்டா? தகடு வந்த அட்டைப்பெட்டியிலதான் கொட்டை எழுத்துல போட்டிருக்கானே, ‘ஒரு பவுண்டு எடை குறைவு’ன்னு. அச்சடிச்சவன் பொய்யா சொல்வான்?

லோரெட்டா: அச்சடிச்சவன் மரத்தையே பாத்திருக்க மாட்டான். எனக்குத்தான தலைவலி? இந்த லேசுத் தகட்டுல நாப்பது எடுத்துப் போடுன்னு அந்த விற்பனைக்காரன் உசிரை வாங்குறான். மத்தியானம் போன் பண்ணுவான். இந்த டில்லமூக் ஊர்ல ரம்பம் புடிக்கிறவன் அத்தனை பேரும் என் கடைக்குத்தான் வரான். நாளைக்கு ஒருத்தன் வந்து, ‘எங்க லோரெட்டா அந்த ஒரு பவுண்டு?’ன்னு கேட்டா, நான் மூஞ்சியை எங்க வெச்சுக்கிறது?

ஓரின்: அவன்கிட்ட என்னைக் காட்டு. ரெண்டு மாசமா என் ரம்பத்துல அந்தத் தகடுதான். பூ மாதிரி இருக்கு.

வெண்டெல்: கேட்டியா? மச்சானே சொல்லிட்டான். அவனை விடப் பெரிய தராசு எது?

லோரெட்டா: இரு இரு... ஓரின், உன் தோள் எப்படி இருக்கு?

ஓரின்: தோளுக்கு என்ன? தேவலாம்.

லோரெட்டா: ஏப்ரல்ல வந்தப்ப சட்டையைத் தோள்ல ஏத்தவே மல்லுக்கட்டுன. இதே இடத்துல நின்னு என்ன சொன்ன? ‘இந்தத் தகடுதான் கடைசி. இதுக்கும் தோள் அடங்கலன்னா, கம்பெனிக்காரன் சொல்ற மாதிரி தண்ணி லாரி ஓட்டப் போயிடுறேன்’ன. சொன்னியா இல்லையா?

ஓரின்: சொன்னேன். திங்கக்கிழமை அவனுக்குப் பதில் சொல்லணும்.

வெண்டெல்: பதில்தான் தெரியுமே! போகல. தண்ணி லாரியாம். காட்டு ரோட்டுல தூசிக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டு... இருபத்திரண்டு வருஷமா என்கூட மரம் சாய்ச்சவன் செய்யுற வேலையா அது?

ஓரின்: சீட்டுக்கு மெத்தை உண்டு மாப்ளே. ஹீட்டர் உண்டு.

வெண்டெல்: வாயை மூடு. நீ போயிட்டா எவனோ ஒரு கத்துக்குட்டிப் பயலை என்கூடச் சேத்து விடுவான். மரம் எந்தப் பக்கம் விழும்னு என்னைக் கேப்பான். நான் செத்தேன். தகடு வேலை செய்யுது, தோள் அடங்கிருச்சு, விஷயம் முடிஞ்சுது. வா, டோனட் தின்னப் போலாம்.

லோரெட்டா: அவ்வளவு நம்பிக்கை இருந்தா நிறுக்க ஏன்யா இப்படிப் பயப்படுற?

வெண்டெல்: பயமா? எனக்கா? உன் தராசு மேல நம்பிக்கை இல்ல, அவ்வளவுதான். போன கிறிஸ்துமஸுக்கு என் பார்சலை அதுல நிறுத்து...

லோரெட்டா: தராசு சரியாத்தான் இருந்துச்சு. நீ அக்கா வீட்டுக்குக் கல்லு மாதிரி கேக் அனுப்புன. ஓரின், தகட்டைக் கழட்டு.

ஓரின்: நிறுத்துத்தான் ஆகணுமா?

லோரெட்டா: அடடே, இவனும் பம்முறான்! என்னய்யா நடக்குது? ரெண்டு கிழங்களும் சேந்துக்கிட்டு...

ஓரின்: சரி சரி, கழட்டுறேன். ஸ்பேனரைக் குடு. ...இந்தா.

லோரெட்டா: சங்கிலியை எடு. சங்கிலியோட நிறுக்கிறதெல்லாம் ஏமாத்து. பள்ளத்துல மரத்தூளைப் பாரு, எண்ணெய் குடிச்சு அடை மாதிரி கெட்டிச்சுக் கிடக்கு. சுரண்டு. நல்லாச் சுரண்டு. சரி, இப்ப வை... ரெண்டு பவுண்டு பதினஞ்சு அவுன்ஸ். எழுதிக்கிட்டேன். உன் பழைய தகடு எங்க?

வெண்டெல்: வண்டில கிடக்கு. நான் எடுத்தாரேன்.

ஓரின்: ...மாப்ளே வேகமா ஓடுறான் பாத்தியா?

லோரெட்டா: அதான் பாக்குறேன். உக்காந்து பேசுறவன் இல்லன்னு தெரியும். ஆனா இவ்வளவு வேகம்... வந்துட்டான். குடு இங்க. ஐயையே! இதென்ன, இவ்வளவு சேறு?

வெண்டெல்: வேலை செஞ்ச தகடு, சேறு இருக்காதா? அப்படியே நிறு. அதான் நியாயம்.

லோரெட்டா: இது ஈரச் சேறு, வெண்டெல். இப்ப அப்புனது.

வெண்டெல்: மழை பெஞ்சுதுல்ல...

லோரெட்டா: பிக்கப் வண்டிக்கு உள்ளேயா? துடை அதை! ...பள்ளத்தையும் துடை. ...ம். வை. மூணு பவுண்டு... எட்டு அவுன்ஸ்.

ஓரின்: அதுல இதைக் கழிச்சா...

லோரெட்டா: ஒம்பது. ஒம்பதே ஒம்பது அவுன்ஸ். பதினாறு இருந்தாத்தான ஒரு பவுண்டு?

வெண்டெல்: கொஞ்சம் பொறு! அது பழைய தகடு. ஆறு வருஷமா அரம் போட்டு அரம் போட்டு ஓரமெல்லாம் தேஞ்சு கிடக்கு. தேஞ்சதோட புதுசைச் சேத்து வெச்சா எப்படி?

லோரெட்டா: அதுவும் சரிதான். அலமாரியில புதுசா ஒண்ணு இருக்கு, சாதாத் தகடு, அதே நீளம். வெச்சுப் பாப்போம்... மூணு பவுண்டு பத்து. அப்பவும் பதினோரு அவுன்ஸ்தான் குறைவு.

ஓரின்: அப்ப ஆறு வருஷம் அரம் போட்டா ரெண்டு அவுன்ஸ் சும்மாவே குறையும். இன்னொரு முப்பது வருஷம் போட்டா லேசுத் தகடே வந்துரும்.

லோரெட்டா: சிரிக்காத. பெட்டிக்கு அடியில எறும்பு மாதிரி என்னமோ எழுதியிருக்கான். கண்ணாடி எங்க... ‘எங்கள் கனரகத் தகட்டோடு ஒப்பிடுகையில்’. அட பாவி! அந்தக் கனரகத் தகட்டை நான் கண்ணால பாத்தே பத்து வருஷம் ஆச்சு. எவன் மாட்டுறான் அதை?

வெண்டெல்: பதினோரு அவுன்ஸுன்னா சும்மாவா? அதுவும் எங்க குறையுது? முனையில! கைக்குத் தூரமா குறைஞ்சா தோளுக்கு அது மூணு மடங்கு. இது கணக்கு. பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் குடுப்பான்.

லோரெட்டா: நீ எங்க பள்ளிக்கூடம் போன? ஆனா அது நெசம்தான், முனை லேசா இருந்தா கைக்குத் தெரியும். மறுக்கல. அதுக்காகப் பூ மாதிரி இருக்குன்னா? ஓரின், எவ்வளவு குறைஞ்ச மாதிரி தெரியுது உனக்கு? உண்மையைச் சொல்லு.

ஓரின்: ம்... ரெண்டு பவுண்டு குறைஞ்ச மாதிரி.

லோரெட்டா: ரெண்டா! பெட்டிக்காரனே ஒண்ணுன்னுதான சொல்றான்?

வெண்டெல்: பாத்தியா, சொன்னதை விட ஜாஸ்தியாவே குறையுது! நாப்பது இல்ல, அம்பது வாங்கிப் போடு.

லோரெட்டா: வெண்டெல், விளையாடாத. உங்க ரெண்டு பேர் வாயை நம்பித்தான் இந்த ஊர்ப் பசங்க இதை வாங்குவாங்க. தோளு போனவன், முதுகு போனவன்... ஆசையா வாங்கிட்டுப் போவான். அவனுக்கும் ரெண்டு பவுண்டு குறையுமா?

ஓரின்: விடு லோரெட்டா. தராசு சொல்லிருச்சு. எல்லாம் என் மனசுதான் போல. காசு குடுத்து வாங்கிட்டோமேன்னு லேசாத் தெரிஞ்சிருக்கு. தோள் தோளாத்தான் இருக்கு. திங்கக்கிழமை போயி லாரிச் சாவியை வாங்கிக்கிறேன்.

வெண்டெல்: டேய்... மச்சான்...

ஓரின்: சொன்ன சொல்லு சொன்னதுதான் மாப்ளே. தகடு சரியில்லன்னா லாரின்னு சொன்னேன்.

வெண்டெல்: தகடு சரியாத்தான் இருக்கு!

ஓரின்: ஒம்பது அவுன்ஸுல தோள் சரியாகுமா?

வெண்டெல்: ஒம்பது இல்லடா! மேல இன்னும் ஒரு பவுண்டு குறைஞ்சுதான் இருக்கு. உன் மனசும் இல்ல, ஒண்ணும் இல்ல. நெசமாவே குறைஞ்சிருக்கு!

லோரெட்டா: எங்க குறைஞ்சிருக்கு?

வெண்டெல்: ...டேங்க்ல.

லோரெட்டா: என்னது?

வெண்டெல்: டேங்க்ல! பெட்ரோல் பாதிதான் ஊத்துறேன். சங்கிலி எண்ணெயும் பாதி. அந்தத் தகடு மாட்டுன அன்னையிலேர்ந்து. கேன் என் கையிலதான இருக்கு? தோளு சரியில்ல, நீ தூக்காதன்னு அன்னைக்கே பிடுங்கிட்டேன்.

லோரெட்டா: அடப்பாவி மனுஷா! ரம்பத்தைக் காட்டு... மூடியைத் திற... ஆமா. பாதிகூட இல்ல.

வெண்டெல்: நேத்து சாயங்காலம் ஊத்துனது. அதுக்குள்ள மழை புடிச்சுக்கிச்சு, இறங்கி வந்துட்டோம்.

லோரெட்டா: அதான் தகட்டுக்கு இவ்வளவு வக்காலத்தா? அதான் சேறு அப்புனியா?

வெண்டெல்: வேற என்ன செய்யச் சொல்ற? பாதி ஊத்துறேன்னு சொன்னா இவன் விடுவானா? ‘நான் என்ன கிழவனா?’ன்னு எகிறுவான். தகட்டால லேசாயிருக்குன்னா ஒத்துக்குவான். அந்தப் பெட்டிக்காரன் நமக்கு நல்லதுதான் பண்ணான். ...மச்சான், கோவமா? திட்டணும்னா திட்டிடு. ஆனா லாரிக்குப் போகாத. பாதி டேங்க்ல நீ எவ்வளவு அழகா மரத்தைச் சாய்க்கிற, நான் பாக்குறேன்ல? அந்த ஆத்தோரச் சரிவுல போன வாரம் படுக்க வெச்சியே ஒரு மரம், எவனால முடியும் அது? ...என்னடா சிரிக்கிற?

ஓரின்: ஒண்ணுமில்ல.

வெண்டெல்: எதுக்குச் சிரிக்கிற?

ஓரின்: முப்பது வருஷமா ரம்பம் புடிக்கிறவன் மாப்ளே நான். முக்கால் மணி ஓடுற ரம்பம் இருபது நிமிஷத்துல மூச்சை விட்டா, எனக்குத் தெரியாதா? ரெண்டாவது நாளே தெரியும்.

லோரெட்டா: ரெண்டாவது நாளேவா?

ஓரின்: முதல் நாளே சந்தேகம். ரெண்டாவது நாள் இவன் அந்தப் பக்கம் போனப்ப மூடியைத் திறந்து பாத்துட்டேன்.

வெண்டெல்: அப்ப லாரிக்குப் போறேன்னது?

ஓரின்: சும்மா. லோரெட்டா நம்மளை நம்பி நாப்பது தகட்டை வாங்கி அடுக்குனா நல்லாவா இருக்கும்? அதுக்கு முன்னாடி நீயா வாயைத் திறப்பியான்னு பாத்தேன். எங்க, சேறு அப்புற வரைக்கும் போயிட்ட.

லோரெட்டா: ரெண்டு பேரையும் அந்த மர அறுப்புப் பட்டறைக்குள்ள தள்ளணும். சரி... எட்டே எட்டு தகடு எடுத்துப் போடுறேன். ஒவ்வொரு பெட்டி மேலயும் என் கையெழுத்துல காகிதம் ஒட்டுவேன், ‘இந்தக் கடையில் நிறுத்தது: பதினோரு அவுன்ஸ் குறைவு’ன்னு. வேணுங்கிறவன் வாங்கட்டும். விற்பனைக்காரன் அழுதா அழட்டும்.

வெண்டெல்: அதுக்குக் கீழ ‘மீதிக்கு டேங்கைப் பாதி ஊத்தவும்’னு போடு.

லோரெட்டா: வாயைப் பாரு! ஆனா ஓரின், எனக்கு ஒண்ணு புரியல. ரெண்டு மாசமா தெரிஞ்சுக்கிட்டே, ‘தகடு பிரமாதம், பூ மாதிரி இருக்கு’ன்னு எதுக்கு இந்த நாடகம்?

ஓரின்: எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு தெரிஞ்சா இவன் நிறுத்திடுவான்ல? முழு டேங்க் ஊத்த ஆரம்பிச்சிருவான்.

வெண்டெல்: ஓஹோ! பாதி டேங்க் அவ்வளவு சொகமா இருந்துச்சோ? வாயால ஒரு நன்றி சொல்லியிருக்கலாம்ல?

ஓரின்: என் சொகத்துக்குன்னு யார் சொன்னா? முழு டேங்க் இருந்தா முக்கால் மணி நேரம் நீ தலை நிமிர மாட்ட. இப்ப இருபது நிமிஷத்துக்கு ஒருவாட்டி என் ரம்பம் அணையும். என்னைக் கேனைத் தொட விட மாட்ட. உன் ரம்பத்தை அணைச்சுட்டு நீயே வந்து ஊத்தணும். ஊத்திட்டு கட்டை மேல அஞ்சு நிமிஷம் உக்காருவ. ஒரு வாய் காபி குடிப்ப. இல்லன்னா நீ என்னைக்கு உக்காந்திருக்க?

வெண்டெல்: நான் எதுக்குடா உக்காரணும்? எனக்கு என்ன கேடு?

ஓரின்: பிப்ரவரில நாலு நாள் மீன் புடிக்கப் போறேன்னு சொல்லிட்டு, போர்ட்லாண்ட் ஆஸ்பத்திரிக்குப் போயி நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வெச்சுக்கிட்டு வந்தியே, அது எனக்குத் தெரியாதுன்னா நினைச்ச? மார்லிஸ் உனக்குப் பொண்டாட்டி ஆகுறதுக்கு முன்னாடியே எனக்குத் தங்கச்சி மாப்ளே.