சலவை மெஷினின் நாலாவது கால்

— மாமா, செங்கல் எங்க?

— எந்தச் செங்கல் மாப்ள?

— மெஷினோட நாலாவது கால் ஒடஞ்ச எடத்துல முட்டுக் கொடுத்திருந்தோமே, அந்தச் செங்கல். அது இருந்த எடத்துல பளபளன்னு இரும்புக் கால் ஒண்ணு நிக்குது.

— ஓ, அதைப் பாத்துட்டியா! வெல்டு வெச்ச கோடு தெரியுதா சொல்லு. தெரியாது. கைராசி மாப்ள, கைராசி. உங்க அக்காவே நின்னு பாத்துட்டு, 'கல்யாணம் ஆனதுலேந்து இப்பத்தான் உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்கீங்க'ன்னுட்டா.

— மெஷின ரிப்பேர் பண்ணிட்டீங்களா?

— பண்ணாம? காலைல இன்னொரு பத்திரிகைக்காரங்க போட்டோ எடுக்க வந்தாங்க. 'ஊரே ஆடற தாளம் இந்த மெஷின்லேந்தா வந்துச்சு'ன்னு ஆளாளுக்குக் குனிஞ்சு பாக்கறாங்க. கீழ பாத்தா ஒடஞ்ச செங்கல். எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நாலு பேர் முன்னாடி கிழிஞ்ச பனியனோட நிக்கற மாதிரி இருந்துச்சு. அவங்க டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள காலை வெச்சுட்டேன்.

— மாமா, இந்த மெஷின் பக்கத்துல நின்னு பாடி எடுத்த நம்ம ஆல்பத்துல எத்தனை பாட்டு?

— பத்து.

— பத்துலயும் கேக்கற தாளம் எது?

— தும்... தும்தும்... தும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

— அந்தச் சத்தம் எதனால வந்துச்சு?

— மெஷின் ஆடினதால.

— மெஷின் எதனால ஆடுச்சு?

— கால் இல்லாததால.

— இப்ப?

— இப்பத்தான் கால்... அட, ஆமால்ல!

— ஐயோ மாமா!

— கத்தாதே. முன்பக்கம் சலவைக்குப் போட்ட துணிய வாங்க ஆளு வந்திருக்கும்.

— கத்தாம என்ன பண்றது? சாயங்காலம் ஆல்பம் போடற கம்பெனிக்காரர் வர்றாரு. புதுப் பாட்டு ஒண்ணைக் காதால கேட்டுட்டுத்தான் அடுத்த ஆல்பத்துக்குக் கையெழுத்துப் போடுவாராம். போன்லயே சொல்லிட்டாரு, 'அதே தாளம் இருக்கணும் தம்பி, குரல் எப்படியோ போகட்டும்'னு.

— குரல் எப்படியோ போகட்டும்னா சொன்னாரு?

— எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. பேப்பர்ல என்ன போட்டான்? 'உழைக்கிற மக்களோட நெஞ்சுத் துடிப்பு இந்தத் தாளம்'னு அரைப் பக்கம். உங்க போட்டோ, மெஷின் போட்டோ. என்னைப் பத்தி ஒரே வரி. 'இதில் ஒருவர் பாடவும் செய்கிறார்.'

— அதையும் சேத்துத்தான் மாப்ள வெட்டி கண்ணாடி போட்டு மாட்டியிருக்கேன்.

— நேத்து பஸ்ல வர்றேன். டிரைவர் நம்ம பாட்டத்தான் போட்டிருக்காரு. எனக்கு அப்படியே குளுந்துபோச்சு. பக்கத்து சீட்டு அம்மா கூட வந்தவங்ககிட்ட சொல்லுது, 'நல்லா போய்ட்டு இருக்கறப்ப நடுவுல ஒருத்தன் வந்து கத்தறான் பாரு, அவன் மட்டும் இல்லேன்னா எவ்வளவு நல்லாருக்கும்'னு. அடுத்த ஸ்டாப்புலயே இறங்கிட்டேன்.

— உன் ஸ்டாப்பா அது?

— இல்ல. மிச்ச தூரம் நடந்தே வந்தேன்.

— சரி, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதே. ஒரு விஷயம் சொல்லட்டா? சரி பண்ணத் தெரிஞ்சவனுக்குக் கெடுக்கத் தெரியாதா? காலைக் கழட்டறோம், செங்கல்ல வெக்கறோம், பாட்டு வருது.

— கழட்டுங்க.

— ம்... ம்ம்... வர மாட்டேங்குது. நான் வெல்டு வெச்சா வெச்சதுதான்.

— இதுல பெருமை வேறயா?

— இரு, வேற வழி இருக்கு. பாரத்தை ஒரே பக்கமா போட்டா எந்த மெஷினும் தடுமாறும். அந்த ஆஸ்பத்திரிப் போர்வை மூட்டையப் பிரி. எல்லாத்தையும் இடது பக்கமா திணி. மேல ஓட்டல் துண்டையும் போடு. ஆச்சா? சுவிட்ச போடறேன். கேளு.

— என்ன மாமா இது, தூங்கற பூனை மாதிரி உர்ருங்குது?

— எனக்குப் பெருமையாவும் இருக்கு, அழுகையாவும் வருது.

— நிறுத்துங்க. உங்க செருப்பக் கழட்டுங்க.

— எதுக்கு?

— உள்ள போடறதுக்கு.

— இது உங்க அக்கா வாங்கிக் கொடுத்தது மாப்ள! புதுசு!

— மாமா.

— சரி, போட்டுத் தொலை. கலைக்காகச் செருப்பைக் கொடுத்தவன்னு பேப்பர்ல வரட்டும்.

— ஐயோ, இது தாளமா? யாரோ படிக்கட்டுல உருண்டு விழற மாதிரி இருக்கு.

— மெஷினுக்கு மனசு விட்டுப்போச்சு மாப்ள. முன்னாடி எவ்வளவு ஞானம் இருந்துச்சு அதுக்கு! நீ பாடினா அடிக்கும், நீ மூச்சு வாங்க நிறுத்தினா அதுவும் நிறுத்தும். மூணாவது பாட்டுல உனக்குப் புரையேறுச்சே, இருமி முடிக்கற வரைக்கும் வாசிக்காம காத்துக்கிட்டு இருந்துச்சு. எந்த வித்வானுக்கு அந்த மரியாதை வரும்?

— கடைசிப் பாட்டுல வேகம் ஏறிக்கிட்டே போச்சு. அதைத்தான் பேப்பர்ல 'ஆவேசத்தின் உச்சி'ன்னு போட்டான்.

— அன்னிக்கு நீ அந்த ஒரே வரியப் பாடிப் பாடி மத்தியானச் சாப்பாட்டு நேரமே தாண்டிப்போச்சு. எனக்கே உன்னை அடிக்கலாம்னு இருந்துச்சு. மெஷினுக்கு இருக்காதா?

— கடையில ஆளு இருக்கீங்களா இல்லையா? என்ன சத்தம் அது? மெஷினுக்குள்ள செருப்பா போட்டு அலசறீங்க?

— வாங்க டீச்சர், வாங்க. மாப்ள, சுவிட்ச நிறுத்து, மாடி வீட்டு டீச்சர் வந்திருக்காங்க. உங்க போர்வை இன்னும் காயல டீச்சர், நாளைக்கு...

— போர்வைக்கு வரல. உங்க தலைக்கு மேலதான் நான் குடியிருக்கேன்னு ஞாபகப்படுத்திட்டுப் போக வந்தேன். முப்பது வருஷம் பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துட்டு, நாலு சுவத்துக்குள்ள நிம்மதியா இருக்கலாம்னு வந்தவ நான். புரிஞ்சுதா?

— புரிஞ்சுது டீச்சர். கழுத்துல என்ன, ஹெட்போனா?

— ஆமா. என் பொண்ணு வாங்கி அனுப்பினா. எந்நேரமும் உங்க 'ஈரத்துணி' ஆல்பம்தான் அதுல ஓடுது.

— நெஜமாவா டீச்சர்? என் பாட்டையா கேக்கறீங்க?

— பாட்டை யாருப்பா கேட்டா? தாளத்தைக் கேக்கறேன். அதை வாசிச்ச மகராசன் யாரு? அவரை ஒரு தடவ என் கண்ணுல காட்டு. உன் பக்கத்துல உக்காந்துக்கிட்டு பத்துப் பாட்டுக்கும் எழுந்து ஓடாம வாசிச்சிருக்காரே, அவருக்கு எவ்வளவு பொறுமை இருக்கணும்!

— வாசிச்சது மெஷின் டீச்சர். பேப்பர்ல கூட என் போட்டோவோட...

— நீங்க சும்மா இருங்க மாமா. டீச்சர், என் குரல் அவ்வளவு மோசமாவா இருக்கு?

— மோசம்னு சொன்னேனா? நீ வாயத் திறந்ததும் நான் ஹெட்போன மாட்டிக்கறேன்னு சொல்றேன். ஆல்பத்தச் சத்தமா வெச்சுட்டா நீ கீழ பாடறது காதுல விழாது.

— ஆல்பத்துலயும் நான்தான் டீச்சர் பாடறேன்!

— அங்க உன்னைக் கவனிச்சுக்கத் தாளம் இருக்கு. நேர்ல யாரு இருக்கா? இந்த ஹெட்போன் வர்றதுக்கு முன்னாடி நான் பட்ட பாடு யாருக்குத் தெரியும்? நீ கத்த ஆரம்பிச்சா, துடைப்பத்தத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு, அந்தக் கட்டையால தரையில ஓங்கி ஓங்கித் தட்டுவேன். தோள்பட்டையே போச்சு. நீ நிறுத்தினா நானும் நிறுத்துவேன். அப்பாடான்னு உக்காந்தா மறுபடி ஆரம்பிப்ப. ஒரு நாளாவது ஒருத்தராவது மேல வந்து என்ன ஏதுன்னு கேட்டீங்களா?

— கேக்கவே இல்ல டீச்சர். மெஷின் ஓடிக்கிட்டிருந்ததுல...

— மாப்ள, நீ கொஞ்சம் பேசாம இரு. டீச்சர், ஒரு விஷயம். எப்படித் தட்டுவீங்க?

— எப்படின்னா? வகுப்புல மேஜையத் தட்டற மாதிரிதான். கை பழகிக் கிடக்கே. அமைதி! பேசாதே பேசாதே! அமைதி! இந்த இஸ்திரி மேஜையிலயே காட்டறேன், பாத்துக்கங்க. தும். தும்தும். தும். புரிஞ்சுதா?

— மாமா...

— கேட்டுச்சு.

— மாமா, ஜிம்ல, கல்யாண மண்டபத்துல, பஸ்ல, எல்லா எடத்துலயும் இதுக்குத்தானா...

— கேட்டுச்சுன்னு சொல்றேன்ல. தண்ணி குடி.

— வாயை மூடுன்னு சொன்னதுக்கா மாமா ஊரே ஆடுது?

— மைக்க மேல கூரைக் கொக்கியில கட்டித் தொங்கவிட்டது யாரு? நான். அதையும் மறந்துடாதே.

— என்னப்பா ரெண்டு பேரும் கணக்குத் தப்பான பிள்ளைங்க மாதிரி முழிக்கறீங்க? நான் வர்றேன்.

— டீச்சர், டீச்சர், ஒரு நிமிஷம். உங்க ஹெட்போன்ல ஒயர் லேசா விட்டுப்போயிருக்கு.

— எங்க?

— உங்க கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கொடுத்துட்டுப் போங்க, இந்த மெஷின் காலைச் சரி பண்ண மாதிரி பண்ணித் தர்றேன்.

— அதுக்குள்ள இவன் பாட ஆரம்பிச்சா?

— பாட மாட்டான். தொண்டை கட்டியிருக்கு.

— கடவுள் இருக்காருப்பா. இந்தாங்க, பத்திரம்.

— போய்ட்டாங்களா மாமா?

— படியேறறாங்க. கதவு... சாத்தியாச்சு. சீக்கிரம் மாப்ள, எதிரொலி வராம போர்வையக் கொடியில இழுத்து விடு. மைக்க கொக்கியில மாட்டறேன். பாடு.

— எனக்குப் பாட வரல.

— அது தெரிஞ்ச விஷயம்தானே. அதான் நமக்கு இப்ப வேணும். நீ எப்பவும் பாடற மாதிரி பாடு, அவங்க எப்பவும் தட்டற மாதிரி தட்டுவாங்க, கம்பெனிக்காரர் எப்பவும் சிரிக்கற மாதிரி சிரிப்பாரு.

— இது ஆறுதலா, திட்டா?

— ரெண்டுலயும் பாதி பாதி எடுத்துக்க.

— பத்துப் பாட்டு மாமா. துண்டு மடிச்சுக்கிட்டே எழுதினேன். ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, 'நல்லா பாடினேப்பா'ன்னு சொல்லுவாங்கன்னு பாத்தேன். தலைக்கு மேல இருக்கறவங்க கூட துடைப்பக் கட்டைய எடுத்திருக்காங்க.

— செருப்ப வெளிய எடுத்துட்டேன், மெஷின போடட்டா? சத்தம் இருந்தா உனக்கு தைரியமா இருக்கும்.

— போடுங்க... என்ன மாமா, ஓடுதா இல்லையா?

— ஓடுது. புதுக் கால்ல நிக்குதுல்ல, அதான் சத்தம் இல்ல.

— முன்னாடி இது போட்ட கூச்சலுக்கு மேல என் குரல் எழும்பணும்னு நரம்பு புடைக்கக் கத்துவேன். இப்ப எதுக்கு மேல கத்தறது? பைத்தியம் மாதிரி இருக்கும்.

— அப்ப மெதுவாவே பாடித் தொலை. வாயத் திறந்தா போதும் அவங்களுக்கு.

— மழை விட்டு நேரமாச்சு... கொடியெல்லாம் காஞ்சாச்சு... ஒத்தச் சட்டை மட்டும் ஈரம்... அதை யாரு தொட்டுப் பாப்பாங்க... தட்டறாங்களா?

— இல்ல. பாடு.

— ஊரு துணி மடிச்ச கையி... என் துணிய மறந்து போச்சு... மாமா?

— ம்.

— தட்டறாங்களான்னு கேட்டேன்.

— இல்ல மாப்ள.

— ஏன் கண்ணைத் துடைக்கறீங்க?

— சோப்புத்தூள் பறக்குது. நீ பாடேன்.

— சோப்பு டப்பா மூடித்தானே இருக்கு? விடுங்க மாமா, அவங்க தட்டப் போறதில்ல. காதுல பஞ்சு வெச்சிருப்பாங்க. தாளமும் போச்சு, கம்பெனியும் போச்சு. நான் அந்த ஓட்டல் துண்டையெல்லாம் மடிக்கறேன், அக்கா வந்தா திட்டுவா.

— இரு. அசையாதே.

— என்ன?

— மேல கேளு.

— தும்... தும்தும்... தும்... தட்டறாங்க! மாமா, தட்டறாங்க!

— மைக்க எடுக்காதே, ஓடட்டும்!

— ஆனா நான்தான் பாடறத நிறுத்திட்டேனே, இப்ப எதுக்குத் தட்டறாங்க?

— ஜன்னலத் திறக்கறாங்க. திட்டப் போறாங்க, தலையக் குனிஞ்சுக்க.

— ஏம்ப்பா கீழ! யாரு உன்னை நிறுத்தச் சொன்னது? பாடு!